கொண்டை ஊசி வளைவில் கைமாறிய பட்டம்: நூரம்பெர்க்கின் நோரிஸ்ரிங்!

ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில், டுட்சென்டைஷ் ஏரிக்குப் பக்கத்தில் பிரமாண்டமான கல் மேடை ஒன்று நிற்கிறது. நாஜி கட்சி மாநாடுகளுக்காக ஆல்பர்ட் ஸ்பியர் வடிவமைத்தது. 1945-ல் அமெரிக்க ராணுவம், அதன் உச்சியில் இருந்த ஸ்வஸ்திகா சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தது. இரண்டே வருடங்களில், அதே மேடையைச் சுற்றி பைக் ரேஸ் ஆரம்பமாகிவிட்டது!

அதுதான் இன்றைய நோரிஸ்ரிங். ஒரு சுற்று 2.3 கி.மீ மட்டுமே. புகழ்பெற்ற டி.டி.எம் கார் பந்தயத் தொடர், வழக்கமாகக் கோடையில் இங்கே வரும். 2021-ல் மட்டும் அக்டோபரில், சீசனின் கடைசிச் சுற்றாக வந்தது.

புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர், நியூசிலாந்தின் 19 வயது லியாம் லாசன். கடைசி ரேஸின் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே, பட்டத்துக்குப் போட்டியிட்ட கெல்வின் வான் டெர் லிண்டேவின் கார், லாசனின் ஃபெராரி மீது மோதியது. லாசனின் கனவு அங்கேயே நொறுங்கியது.

முன்னால் சென்ற மெர்சிடிஸ் வீரர்கள் இருவர், இன்னொரு மெர்சிடிஸில் வந்த மேக்ஸிமிலியன் கோட்ஸுக்கு வழிவிட்டார்கள். ரேஸையும் பட்டத்தையும் வென்றார் கோட்ஸ். வித்தியாசம், மூன்றே புள்ளிகள்! வழிவிட்டு வாங்கிய வெற்றி நியாயமா என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

ரேஸ் இல்லாத நாள்களில் இது சாதாரண சாலைதான். நூரம்பெர்க் போனால், அந்த வளைவு வரை நடந்து பாருங்கள். ஒரு சீசனின் உழைப்பு சில நொடிகளில் கைநழுவிய இடம் அது.