களனிக் கரையில் வீடு வாங்கப் போகிறீர்களா?



வாடகை வீடுகளில் வருடக்கணக்காகக் காலம் கழித்த ஒரு குடும்பம், கொழும்பிலே சொந்தமாக ஒரு வீடு தேடத் தொடங்கினால், அந்தத் தேடல் பல வேளைகளில் களனி கங்கைக் கரையில்தான் வந்து நிற்கின்றது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் சொல்லப்படும் விலையைக் கேட்டு மனம் சோர்ந்து திரும்புபவர்களிடம், தரகர் அடுத்ததாக உச்சரிக்கும் பெயர்கள் கிராண்ட்பாஸ், சேதவத்தை, வெல்லம்பிட்டி, கொலன்னாவை என்பனவாகும். "டவுனுக்குக் கிட்ட, பள்ளிவாசல் பக்கத்தில, விலையும் குறைவு" என்று அவர் மூன்று விடயங்களைச் சொல்வார். மூன்றும் உண்மையே. அவர் சொல்லாமல் விடும் நான்காவது விடயத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை உங்களோடு பேச வருகின்றது.

முதலில் அந்த இடத்தின் சிறப்பைச் சொல்லிவிடுவோம். புறக்கோட்டையிலிருந்து ஆமர் வீதி வழியாக கிராண்ட்பாஸைத் தாண்டினால் சிறிது தூரத்திலேயே கங்கை வந்துவிடும். 1895 இல் விக்டோரியா பாலம் திறக்கப்படும்வரை, படகுகளை வரிசையாகப் பிணைத்துக் கட்டிய தோணிப் பாலத்தின் மீதுதான் மக்களும் மாட்டு வண்டிகளும் இவ்விடத்தில் கங்கையைக் கடந்தன. இன்றோ 2021 இல் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலம் வானில் கம்பிகளை விரித்து நிற்கின்றது. அதன் நிழலுக்கு அப்பால், அவிசாவளை வீதியின் இருமருங்கிலும் ஒழுங்கைகள். ஓர் ஒழுங்கையில் பாங்கோசை கேட்கும். அடுத்த ஒழுங்கையில் பன்சலையின் பிரித் ஓதல் கேட்கும். காலையில் இடியப்பம் அவித்து விற்கும் உம்மாமார், வாசலில் தையல் இயந்திரத்தோடு அமர்ந்திருக்கும் இளம் பெண்கள், வெள்ளைத் தொப்பியோடு மத்ரஸாவுக்கு ஓடும் சிறுவர்கள். கடைக்கு வேலைக்குப் போகும் கணவன் பகலுணவுக்கே வீடு வந்து திரும்பலாம். அவசரம் என்றால் பெரியாஸ்பத்திரியும் தூரமில்லை. இத்தனை வசதியும் ஒருங்கே அமைந்த இடத்தை வேண்டாம் என்று எவர்தான் சொல்வர்?

கங்கையின் குணம்

ஆனால் சகோதரிகளே, கங்கைக்கும் ஒரு குணமுண்டு. நம்மவர்கள் பாவாதமலை என்றழைக்கும் மலைப் பிரதேசத்தில் ஊற்றெடுத்து, கித்துள்கலை, யட்டியாந்தோட்டை, ருவன்வெல்லை, ஹங்வெல்லை, கடுவலை என 145 கிலோமீற்றர் ஓடி, மட்டக்குளிக்கு அப்பால் கடலில் கலக்கின்றது களனி கங்கை. எனவே கொழும்பில் பெய்யும் மழையை மட்டும் பார்த்து வெள்ளத்தைக் கணிக்க முடியாது. மலையில் கொட்டிய மழை கீழே வந்து சேர நேரம் பிடிக்கும். இங்கே வெயில் எறித்துக் கொண்டிருக்கும்போதே வாசலில் தண்ணீர் ஏறும். "மழை விட்டுவிட்டதே" என்று துணி காயப்போட்ட வீடுகளுக்குள்தான் கங்கை புகுந்திருக்கின்றது.

நாகலகம் வீதியருகே நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்ட அளவுகோல் ஒன்றுள்ளது. வானொலியில் "நாகலகம் வீதி" என்று வாசிக்கப்படுவது இதுவே. அதில் நீர் 4 அடியைத் தொட்டால் எச்சரிக்கை. 5 அடி சிறு வெள்ளம். 7 அடி பெருவெள்ளம். 1947 இல் அது 12 அடியையும் தாண்டியது. 1989 ஜூனில் 9 அடியைக் கடந்தது. 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் போதும் பெருவெள்ள மட்டமான 7 அடியைத் தாண்டியது. பேத்தியின் கலியாணம்வரை நிற்க வேண்டிய வீட்டை வாங்கும்போது, இந்த ஆண்டுகளை மனதில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வெள்ளத்தைத் தடுப்பதற்கென ஆங்கிலேயர் காலத்திலேயே கங்கையின் இரு பக்கமும் மண் அணைகள் எழுப்பப்பட்டன. கொழும்புப் பக்கத்தில் இருப்பது தென் அணை. பேலியகொடை, களனிப் பக்கத்தில் இருப்பது வட அணை. தரகர் சொல்லாத நான்காவது விடயம் இதுதான்: உங்களுக்குக் காட்டப்படும் வீடு அணைக்கு உள்ளே இருக்கின்றதா, அணைக்கும் கங்கைக்கும் இடையில் இருக்கின்றதா?

அணைக்கு வெளியே, கங்கைப் பக்கமாக இருக்கும் வீட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. நீர் ஏறினால் அவ்வீட்டுக்குள்தான் முதலில் வரும். அணைக்கு உள்ளே இருப்பவர்களும் முற்றாகத் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். கங்கை உயரும்போது, ஆற்று நீர் உள்ளே வராதிருக்க மதகுகளை மூடிவிடுவார்கள். அப்போது உள்ளே பெய்த மழைநீர் வெளியேற வழியின்றி, கால்வாய்களில் தேங்கிப் பள்ளமான இடங்களை நிரப்பும். எனவே அணையின் எந்தப் பக்கம் என்பது முதற் கேள்வி. அந்தக் காணி மேடா, பள்ளமா, நிரப்பிய சதுப்பா என்பது இரண்டாம் கேள்வி. விலை ஏன் குறைவு என்பதற்கான பதில் இவ்விரு கேள்விகளிலும் அடங்கியிருக்கின்றது.

வீட்டுக்கு முன் அயலவர்

அறபியிலே "அல்ஜார் கப்லத் தார்" என்றொரு பழமொழி உண்டு. வீட்டைப் பார்க்குமுன் அயலவரைப் பார் என்பது அதன் கருத்து. அயலவர் நல்லவரா என்று விசாரிக்கச் சொல்வதாகவே இதை நாம் எடுத்துக்கொள்கின்றோம். களனிக் கரையில் இதற்கு இன்னொரு கருத்தும் பொருந்தும். வீட்டைப் பற்றிய உண்மை வீட்டுக்காரரிடம் கிடைக்காது, அயலவரிடம்தான் கிடைக்கும். அதிலும் ஆண்களிடம் அல்ல, பெண்களிடம்.

சேதவத்தைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் வயதான தாயொருவர் தன் வீட்டுச் சுவரைக் காட்டி எனக்கு விளக்கினார். இடுப்பளவில் மங்கலாக ஒரு கோடு. "இது பதினாறுல வந்த தண்ணி, ஹஸ்ரத். எம்பத்தொம்பதுல இதுக்கும் மேல" என்று கையை உயர்த்திக் காட்டினார். "அந்த நேரம் நீங்கள் என்ன செய்தீர்கள் உம்மா?" என்று கேட்டேன். "ஆம்புளயள் எல்லாரும் கடையில. குர்ஆனயும் உறுதியயும் பிள்ளயள்ட கொப்பியயும் தூக்கி மேல வெச்சது நான்தான். அரிசி மூட்டய மட்டும் தூக்க ஏலல்ல" என்றார்.

சகோதரிகளே, இதைவிடத் தெளிவாக எவராலும் சொல்ல முடியாது. வீட்டைப் பேசி முடிப்பவர் ஆணாக இருக்கலாம். வெள்ளம் வரும் பகற்பொழுதில் வீட்டில் இருப்பவள் பெண். பொருளைத் தூக்குபவள் அவள். நீர் வடிந்தபின் சேற்றை வழித்துக் கழுவுபவள் அவள். மலசலகூடக் குழி பொங்கிய வீட்டில் பிள்ளைகளுக்கு எலிக்காய்ச்சல் வராமல் காப்பவள் அவள். நனைந்து போன தையல் இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் அவளது உழைப்பின் கருவிகள். எனவே வீடு பார்க்கப் போகும்போது நீங்களும் கூடவே செல்லுங்கள். அடுத்த வீட்டு உம்மாவிடம், எதிர்வீட்டு சிங்கள சகோதரியிடம் தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள். புதிதாகப் பூசிய சுவரைக் கண்டால் அடுத்த வீட்டுச் சுவரைப் பாருங்கள். மே, ஜூன் மாதங்களிலோ ஒக்டோபர், நவம்பரிலோ ஒரு பெருமழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். மேல்மாடி இருக்கின்றதா, இல்லையெனில் கட்டும் அளவுக்கு அத்திவாரம் உறுதியானதா என்றும் பாருங்கள்.

அதே அயலவர்கள் இவ்விடத்தின் பெரும் செல்வமும் ஆவர். 2016 வெள்ளத்தின்போது பள்ளிவாசல்களிலும் விகாரைகளிலும் பாடசாலைகளிலும் மக்கள் இன, மத பேதமின்றித் தங்க வைக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் சமைத்த சோற்றை மறுபகுதியினர் படகில் ஏற்றிச் சென்று பகிர்ந்தனர். அடுக்குமாடித் தொடர்களில் பக்கத்து வீட்டாரின் பெயரே தெரியாமல் வாழ்வோருக்கு இது கிடைக்காத பாக்கியமாகும்.

உறுதியைப் பாருங்கள்

இடம் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது காகிதம். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வது பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள். எமது நாட்டுச் சட்டமும் 1840 ஆம் ஆண்டு முதல் இதையே வேண்டி நிற்கின்றது. நொத்தாரிசின் முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்படாத காணி விற்பனை செல்லுபடியாகாது. தோட்டங்களிலும் கங்கையோரங்களிலும் முத்திரைத் தாளில் கையெழுத்திட்டு வீடு கைமாறும் வழக்கம் இன்றும் உள்ளது. மின்சாரப் பட்டியலும் வாக்காளர் இடாப்பும் நீங்கள் அங்கே வசிப்பதைக் காட்டும். காணி உங்களுடையது என்று காட்டமாட்டா. கங்கையின் ஒதுக்கு நிலம் அரசுக்குரியது. "பத்து வருடம் இருந்தால் நமக்குத்தான்" என்ற பேச்சு அரச காணிக்கு எதிராகச் செல்லாது.

ஆகவே காணிப் பதிவகத்தில் கடந்த 30 வருட உரிமையைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நில அளவைப் படத்தைக் கேளுங்கள். விற்கப்படுவது தனித் துண்டா, பிரிக்கப்படாத பங்கா என்று அறியுங்கள். நகர சபையிலோ பிரதேச சபையிலோ வீதிக்கோட்டுச் சான்றிதழையும் சோலை வரிப் பற்றுச்சீட்டையும் பெறுங்கள். பள்ளமான காணியெனில், அதை நிரப்பக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி கிடைத்ததா எனவும் விசாரியுங்கள்.

கையிலுள்ள பணத்தை முழுவதும் விலைக்கே ஒதுக்கிவிடாதீர்கள். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபா வீடென்றால் வரி மட்டும் 399,000 ரூபா. நொத்தாரிசின் கட்டணம் வேறு. பற்றாக்குறைக்கு வட்டிக் கடனில் விழவும் வேண்டியதில்லை. 2011 முதல் வட்டியற்ற முறையில் மட்டும் இயங்கும் வங்கியொன்று இந்நாட்டிலேயே உள்ளது.

உறுதியில் யாருடைய பெயர்?

கடைசியாக, பலரும் கேட்கக் கூச்சப்படும் ஒரு கேள்வி. வீடு வாங்கும்போது பணம் போதாவிட்டால் மனைவியின் கழுத்தும் கையும்தான் முதலில் வெறுமையாகின்றன. அவள் மனமுவந்து கொடுப்பது பெரும் நன்மையே. ஆனால் உறுதி கணவனின் பெயரில் மட்டும் எழுதப்பட்டு, அவர் முந்திக்கொண்டால், அந்த வீடு முழுவதும் அவரது சொத்தாகவே பங்கிடப்படும். பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு உரியது எட்டில் ஒரு பங்கு. அவள் விற்றுக்கொடுத்த நகை எவருடைய கணக்கிலும் வராது. வாரிசுப் பங்கு அல்லாஹ்வின் சட்டம், அதில் குறையில்லை. மனைவியின் சொந்தப் பணத்தைக் கணவனின் சொத்தாக எழுதி வைத்தது நமது குறை. பெண்ணின் சொத்து அவளுக்கே உரியது என்பதை மார்க்கம் தெளிவாகச் சொல்லியிருக்கின்றது. எனவே கொடுத்த பங்கின் அளவுக்கு உறுதியில் அவளது பெயரையும் எழுதுங்கள். அன்பளிப்பாகக் கொடுத்தால் அன்பளிப்பு என்றும், கடனாகக் கொடுத்தால் கடன் என்றும் எழுதுங்கள். எழுதுவதால் அன்பு குறைந்துவிடாது. நாளை பிள்ளைகளுக்கிடையே சச்சரவு வராமல் அது காக்கும்.

சகோதரிகளே! கங்கைக் கரையில் வீடு வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அங்கே கண்ணியமாக வாழ்ந்து, பிள்ளைகளைப் படிப்பித்து, ஆளாக்கியிருக்கின்றன. அணையின் எந்தப் பக்கம், தண்ணீர் எந்த அளவு, உறுதி எப்படி, பெயர் யாருடையது என்ற நான்கையும் அட்வான்ஸ் கொடுக்குமுன் கேட்டறியுங்கள். நான்கிற்கும் திருப்தியான பதில் கிடைத்தால் பிஸ்மில்லாஹ் சொல்லி வாங்குங்கள். ஒன்றுக்கேனும் பதில் கிடைக்காவிடின், இன்னும் ஒரு வருடம் வாடகை வீட்டிலேயே பொறுமையாக இருங்கள். தேடுங்கள், ஆலோசியுங்கள், துஆச் செய்யுங்கள். நிம்மதியாகத் தலைசாய்க்க ஒரு விசாலமான வீட்டை அல்லாஹ் உங்கள் ஒவ்வொருவருக்கும் அருள்வானாக!