சீட்டு இல்லாத நாற்காலி

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு அம்மாளுக்காக ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக நேர்ந்தது. அவருடைய கணவர் காலமாகி வருஷம் திரும்பிவிட்டது. அவர் உட்கார்ந்த நாற்காலியைச் சாரிட்டி கடைக்குக் கொடுத்தால், விற்கிற காசு நல்ல காரியத்துக்குப் போகுமே என்று அந்த அம்மாளுக்கு ஆசை. கடைப் பெண்மணி நாற்காலியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து மெத்தைக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினார். "ஃபயர் லேபிள் இல்லையே, வாங்க முடியாது" என்றார்.

ஏதோ ஒரு பழைய சோபா என்றால் நானும் பேசாமல் திரும்பியிருப்பேன். இது ஈம்ஸ் லவுஞ்ச் சேர். அமெரிக்காவின் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி வடிவமைத்து, ஹெர்மன் மில்லர் கம்பெனி 1956ல் வெளியிட்டது. இன்றுவரை தயாரிப்பு நிற்கவில்லை. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இதற்கு இடம் உண்டு. புதிதாக வாங்கப் போனால் பல ஆயிரம் பவுண்டு எண்ணி வைக்க வேண்டும்.

பிரிட்டிஷ் சட்டத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். 1979ல் மான்செஸ்டர் நகரத்து உல்வொர்த்ஸ் கடையில் தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். மெத்தை நாற்காலிகளில் இருந்த பாலியூரித்தேன் ஃபோம் நெருப்பைவிட மோசமாகப் புகையைக் கக்கியிருந்தது. அதற்குப் பிறகு நடந்த வாதப் பிரதிவாதங்களின் முடிவில் 1988ல் ஒரு விதிமுறை வந்தது. மெத்தை வைத்த எந்த இருக்கையும் சிகரெட் நெருப்புக்கும் தீக்குச்சிக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்கு அத்தாட்சியாக ஒரு துணிச்சீட்டை நிரந்தரமாகத் தைத்திருக்க வேண்டும். கவனக்குறைவால் தீ வரும் என்று அதில் உபதேசம் வேறு. வியாபாரமாக விற்கிற எவரையும் இது கட்டும்; சாரிட்டி கடையையும்தான். 1950க்கு முன் செய்த சாமான்களுக்கு விலக்கு உண்டு. ஆக, ராணி விக்டோரியா காலத்து நாற்காலியைத் தாராளமாக விற்கலாம். 1956ல் பிறந்த பாவத்துக்கு ஈம்ஸ் நாற்காலி வெளியே நிற்க வேண்டும். அந்த அம்மாள் இதையே எனக்குச் சும்மா கொடுத்தால் சட்டம் கண்டுகொள்ளாது. என் வீட்டு நெருப்பு சுடாது போலிருக்கிறது!

கூத்து இதோடு முடியவில்லை. தீப்பிடிக்காமல் இருக்க அன்றைக்கு மெத்தைகளில் ஏற்றிய ரசாயனங்கள் மண்ணில் மக்காத நஞ்சு என்று இப்போது தெரிந்திருக்கிறது. அந்த நஞ்சு கலந்த இருக்கைகளைக் குப்பைமேட்டில் புதைக்கக் கூடாது, எரிக்கத்தான் வேண்டும் என்பது இங்கிலாந்தில் இன்றைய உத்தரவு. எரியாமல் இருப்பதற்காகவே செய்த சாமானுக்குக் கடைசியில் கட்டாயத் தகனம்.

எங்கள் தாத்தாவின் ஈசிச்சேர் ஞாபகத்துக்கு வந்தது. தேக்குச் சட்டம், நடுவில் ஒரு கித்தான் துணி. சுருட்டுப் புகைந்துகொண்டிருக்கும்போதே அதில் தூங்கிப்போவார். துணி நைந்தால் தெருமுனை டெய்லர் அரை மணியில் புதிதாகத் தைத்துக் கொடுப்பார். ஒரு சீட்டும் கிடையாது, ஒரு விபத்தும் கிடையாது.

நைந்ததை மட்டும் மாற்றிக்கொள்ளும் அந்தப் புத்தி ஈம்ஸ் தம்பதிக்கும் இருந்தது. கல்யாணமான புதிதில், வாடகை வீட்டிலேயே ஒரு கருவி செய்து, சைக்கிள் பம்பால் அழுத்தம் கொடுத்து பிளைவுட்டை வளைக்கக் கற்றார்கள். யுத்தகாலத்தில் அமெரிக்கக் கடற்படைக்குக் கால் முறிந்தவர்களுக்கான கட்டைகளை அதே பிளைவுட்டில் செய்து கொடுத்தார்கள். அந்தக் கைப்பழக்கம்தான் இந்த நாற்காலியின் மூன்று ஓடுகளும். மெத்தைகள் தனியாகக் கழன்று வரும். பழசானால் மெத்தையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பேஸ்பால் ஆட்டக்காரரின் பழகிய கையுறைபோலத் தோல் சுருங்கி இருக்கவேண்டும் என்று சார்ல்ஸ் விரும்பினார். ரே முறையாக ஓவியம் பயின்றவர். ஆனாலும் நாற்காலியை டெலிவிஷனில் அறிமுகப்படுத்தியபோது கணவருக்குப் பின்னால் நிற்கிற பெண்மணி என்றே அவரைச் சொன்னார்கள். அமெரிக்கர்களுக்கும் அந்த வியாதி உண்டு.

இந்த இருவரும்தான் நம் அரசாங்கத்தின் அழைப்பில் இந்தியா முழுக்கச் சுற்றி, 1958ல் ஓர் அறிக்கை எழுதினார்கள். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961ல் எழுந்தது அதை வைத்துத்தான். அறிக்கையில் அவர்கள் வியந்தது தாஜ்மகாலை அல்ல, சொம்பை. இடுப்பில் எப்படி அமரும், ஊற்றும்போது எப்படிச் சாயும், வெறுமையாக இருக்கும்போது கனம் எங்கே நிற்கும் என்றெல்லாம் அடுக்கியிருக்கிறார்கள். நம் பாட்டிமார் இதைப் படித்தால் சிரிப்பார்கள். எனக்கோ நெஞ்சு நிமிர்ந்தது.

பிற்பாடு ஹார்வர்டின் நார்ட்டன் சொற்பொழிவுகளில் சார்ல்ஸ் நம் தென்னாட்டு வாழையிலைக்கு வந்தார். இல்லாதவன் இலையில் சாப்பிடுகிறான். வசதி கூடக்கூடப் பித்தளை, வெள்ளி, தங்கம் என்று தட்டு மாறுகிறது. செல்வத்தோடு ஞானமும் வாய்த்தவன் திரும்ப இலைக்கே வருகிறான் என்பது அவர் கண்ட ஏணி. இலையில் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இதைச் சொல்ல கலிபோர்னியாவிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

இங்கே எங்கள் பொங்கல் விருந்தில் வாழையிலை அச்சடித்த காகிதத்தில் சாம்பார் சாதம் பரிமாறுகிறார்கள். ஈம்ஸ் ஏணியில் இது எந்தப் படி என்று விழாக் குழுச் செயலாளரிடம் கேட்டேன். "அசல் இலை போட்டால் தண்ணி சொட்டும் சார், தரை வழுக்கும். ஹால்காரன் ஹெல்த் அண்ட் சேஃப்டி என்று பிடித்துக்கொள்வான்" என்றார்.