நாள் குறிக்காத நம்பிக்கை



பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் நம் செவியில் விழும் கேள்வி ஒன்று உண்டு. “இன்னும் எத்தனை காலம், சாமி?” என்பதே அது. மகளுக்கு வரன் அமையாத தந்தை அதைக் கேட்கின்றார். வேலைக்கு மனு எழுதியெழுதிச் சலித்த இளைஞன் கேட்கின்றான். ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் நோயாளியும் அதையே கேட்கின்றார். இக்கேள்விக்கு நாம் ஒருமுறை அளித்த தவறான விடையை இங்கே ஒளிக்காமல் கூற விரும்புகின்றோம்.

நாம் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நாம் பணியாற்றிய சிற்றூர்ப் பங்கில், மணமாகி ஒன்பது ஆண்டுகள் கடந்தும் மக்கட்பேறு வாய்க்காத கணவனும் மனைவியும் நம்மிடம் வந்தனர். அவர்களுடைய கண்ணீரைக் காணப் பொறாமல், “கவலை வேண்டாம், அடுத்த கிறிஸ்து பிறப்புத் திருவிழாவுக்குள் ஆண்டவர் உங்களுக்கு ஒரு குழந்தையைத் தருவார்” என்று கூறி ஆசீர் அளித்து அனுப்பினோம். நம் சொல்லை அவர்கள் இறைவாக்காகவே ஏற்றனர். தொட்டிலும் வாங்கி வைத்தனர். திருவிழா வந்தது, குழந்தை வரவில்லை. நள்ளிரவுத் திருப்பலியில் அவர்கள் வழக்கமாக அமரும் இடம் வெறுமையாய் இருந்தது.

பொங்கல் கழிந்து அவர்கள் இல்லம் சென்றோம். கணவர் முகங்கொடுத்துப் பேசவில்லை. அம்மையார் மட்டும், “ஆண்டவர் எங்களுக்கு நாள் எதுவும் குறித்துச் சொல்லவில்லையே, சாமி, நாள் குறித்தது நீங்கள்தானே?” என்றார். குருமடத்தில் பல்லாண்டு பயின்ற இறையியலில் அக்கேள்விக்கு நாம் விடை காணவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினோம்.

அந்த அம்மையார் உண்மையையே உரைத்தார். ஆபிரகாம் அழைப்புப் பெற்றபோது அவருக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. இடைப்பட்ட 25 ஆண்டுகளின் பெரும்பகுதியில் அவர் கையில் இருந்தது வாக்குறுதி மட்டுமே. கோவிலில் காத்திருந்த முதியவர் சிமியோனுக்கும், 84 வயதுக் கைம்பெண் அன்னாவுக்கும் மெசியா வரும் நாள் முன்னரே அறிவிக்கப்படவில்லை. இறைவன் தம் வாக்கைத் தருகின்றார். நாளைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றார்.

நாள் அறியாமல் காத்திருத்தல் எங்ஙனம் கைகூடும்? நம் மொழி பேசும் மக்களே இதற்குச் சான்று. 1658-ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு மறைவிடம் அளிப்பவருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. ஆலயங்கள் பறிபோயின. திருப்பலியில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க எவருமில்லை. இந்நிலை என்று மாறும் என்று சொல்ல ஒருவராலும் இயலவில்லை.

ஏறத்தாழ 29 ஆண்டுகள் சென்றபின், 1687-இல், கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் கூலியாள் கோலத்தில் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாய்ப் பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டதும் முகம் மாறியவர்களைக் கொண்டு, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டார்.

இதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1658-இல் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 29. அதுவே தாயாகவோ தந்தையாகவோ ஆகியிருக்கும். குருவையே காணாது வளர்ந்த அத்தலைமுறைக்குச் செபமாலை இன்னதென்று கற்பித்தவர் யார்? ஆலயமும் மறைக்கல்வி வகுப்பும் இல்லாத நாட்டில், தாயும் தந்தையும் பாட்டியுமன்றி வேறு எவர் கற்பித்திருக்க முடியும்?

அடிகளாரின் வருகையோடு துன்பம் தீர்ந்துவிடவுமில்லை. 1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், வழிபாட்டுக்குக் கூடிய யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் பலர் சிறைபிடிக்கப்பட்டனர். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீங்கியது 1806-இல், ஆங்கிலேயர் ஆட்சியிலேதான். 1711-ஆம் ஆண்டு கண்டியில் உயிர்நீத்த அடிகளார் அந்நாளைக் காணவில்லை. அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தது 2015-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள். முதன்முதல் காத்திருந்தவர்கள் இவற்றுள் எதையும் காணாமலே கண்மூடினர். எனினும் அவர்கள் காத்த விசுவாசம் அவர்களோடு மடியவில்லை.

ஆகவே, காத்திருக்கும் குடும்பங்களே, மாலைச் செபத்தைக் கைவிடாதீர்கள். உள்ளம் வறண்டிருப்பினும் உதடுகளேனும் செபிக்கட்டும். மனத்தாங்கல் இருப்பின் அதையும் ஆண்டவரிடமே முறையிடுங்கள். திருப்பாடல்களின் ஆசிரியரும் அவ்வாறே முறையிட்டார். அக்கம்பக்கத்தாரே, “ஏதும் விசேஷம் உண்டா?” என்று வினவிப் புண்ணைக் கிளறாதீர்கள். அவ்வீட்டுக்குச் சென்று, அவர்களோடு அமர்ந்து ஒரு பத்து மணி செபமாலை சொல்லுங்கள். நம்மைப் போன்ற குருக்களுக்கும் ஒரு சொல்: ஆண்டவர் குறிக்காத நாளை நாம் குறித்தல் வேண்டா.

அந்தத் தம்பதியர் என்ன ஆயினர் என்று கேட்பீர்கள். கணவர் ஈராண்டுக் காலம் ஆலயத்தின் பக்கம் வரவில்லை. அம்மையார் மட்டும் ஒவ்வொரு மாலையும் வீட்டில் விளக்கேற்றித் தனியே செபமாலை சொல்லி வந்தார். கணவர் வெளியே திண்ணையில் அமர்ந்திருப்பார். ஒரு நாள் மாலை, திண்ணையிலிருந்து மறுமொழிச் செபம் தணிந்த குரலில் வந்ததாம். அடுத்த ஞாயிறன்று இருவரும் திருப்பலிக்கு வந்தனர்.

அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. வாங்கி வைத்த தொட்டிலை அண்டை வீட்டு ஏழைத் தாயிடம் கொடுத்தனர். அதில் உறங்கிய குழந்தைக்கு நாமே திருமுழுக்கு அளித்தோம். அதைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் அந்த அம்மையார்தான்.

காத்திருக்கும் உங்கள் இல்லங்கள் அனைத்தையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக!