நிமிர்ந்து உட்கார்ந்தால் போதுமா?

"நேரா உட்காருடா, கூன் போடாதே" என்று திட்டாத அம்மாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

ஆறு மாதமாக எனக்கு பெல்ட் போடுகிற இடத்தில் வலி. படிப்பது பி.காம். மூன்றாம் ஆண்டு. மதியம் வரை காலேஜ், அதற்குப் பிறகு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் டேலி என்ட்ரி. மாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி. இந்தத் தேதிகள் நெருங்கும்போது நாற்காலியை விட்டு எழ முடியாது, எழுந்தால் நிமிர முடியாது :-) அந்தச் சம்பளத்தில்தான் செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிறேன். அதனால் "வேலையை விட்டுடு" என்ற அறிவுரை எனக்குப் பயன்படாது.

சரி என்று தேடிப் படித்தேன். 1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாகெம்சன் என்ற டாக்டர், முதுகெலும்பு டிஸ்க்குக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்திருக்கிறார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்று வந்தது. 1999-ல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒருவருடைய டிஸ்க்கில் சென்சார் வைத்துப் பார்த்தபோது கதை மாறிவிட்டது. நாற்காலியில் தளர்வாகச் சரிந்து உட்கார்ந்தபோது, நிற்பதைவிட அழுத்தம் குறைவு! அம்மாவிடம் காட்டலாம் என்று நினைத்தேன். ஆனால் ஒரே ஒரு ஆளை வைத்து அளந்தது அது. ஒரு பில்லை வைத்து பேலன்ஸ் ஷீட் போட முடியுமா?

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். எந்த மாதிரி உட்காருகிறோம் என்பதைவிட, எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறோம் என்பதுதான் விஷயம். ஒரே நிலையில் பிடித்து வைத்தால் தசை களைத்துப் போகும். சிப்பாய் மாதிரி விறைப்பாக உட்கார்ந்தாலும் அப்படித்தான்.

ஆகவே அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறேன். பெரிய வாட்டர் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டு சின்னது கொண்டு போகிறேன், நிரப்ப நடந்தே ஆக வேண்டும். போன் வந்தால் நின்றுகொண்டு பேசுவது. முதல் வாரம் சார், "என்னப்பா, அதுக்குள்ள கிளம்பிட்டியா?" என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை. கால் தரையில் சரியாகப் பதியாததால் கீழே பழைய லெட்ஜர் இரண்டு. இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. செலவு பூஜ்யம்.

வீட்டுக்குப் போகும்போது இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன். 2024-ல் லான்செட் இதழில் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வந்தது. இடுப்பு வலி வந்து குணமான 701 பேர். ஒரு குழுவுக்கு, பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலுடன் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் நடைப்பயிற்சி. இன்னொரு குழுவுக்கு எதுவும் இல்லை. வலி திரும்பி வர, நடந்தவர்களுக்கு 208 நாள், மற்றவர்களுக்கு 112 நாள். (நம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் வரும் மீடியன்தான். பரவாயில்லை, ஒரு இடத்தில் உதவியது.)

இதைப் படித்தபோது அப்பா ஞாபகம் வந்தது. பத்து வருஷம் முன்பு அவருக்கும் இதே வலி. அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "பலகையில அசையாம படு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மூன்று வாரம் படுத்தார். வலி போகவில்லை. திரும்பிப் போனபோது அவர் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். சாதாரண இடுப்பு வலிக்கு நாள் கணக்கில் படுத்திருக்க வேண்டாம், முடிந்த அளவு நடமாடுங்கள் என்றுதான் மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை.

எனக்கு இப்போது வலி முழுசாகப் போகவில்லை. 20-ம் தேதி வாக்கில் எட்டிப் பார்க்கும். ஆனால் காலையில் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடிகிறது.

ஒன்று மட்டும் சீரியஸாக. கால் மரத்துப் போனாலோ, பலமிழந்தாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர், மலம் போவதில் சிக்கல் வந்தாலோ, வலியோடு காய்ச்சல் இருந்தாலோ துண்டு, லெட்ஜர் எல்லாம் வேலைக்கு ஆகாது. அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.