விதைநெல் காத்தவர்

மத்ரித் நகரின் உழவரான இசிதோர் 1622ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், இஞ்ஞாசியார், சவேரியார், அவிலா தெரேசா, பிலிப்பு நேரி ஆகியோரோடு புனிதராக உயர்த்தப்பெற்றார். அவரோடு வாழ்ந்து பாடுபட்ட மனைவி மரியா தெ லா கபேசாவுக்குச் செலுத்தப்பட்ட வணக்கத்தைத் திருச்சபை உறுதி செய்தது 1697இல். இருவருக்கும் இடையே 75 ஆண்டுகள்! குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தபோது இவ்விரு ஆண்டுகளையும் வெறும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். என் அன்னையின் மறைவுக்குப் பின்னரே அவை என்னை உறுத்தத் தொடங்கின.

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே, சிற்றாறு பாயும் ஊர் எங்களுடையது. ஆனி பிறந்து சாரல் விழுந்தால் நாடெங்குமிருந்து மக்கள் அருவியில் நீராட வருவர். எங்களுக்கோ அது கார் சாகுபடிக்கு நாற்றங்கால் தயாராகும் காலம். சில மைல் தொலைவில் பேரருவி கொட்டியும், சீசன் நாளில் அன்னை அங்கு நீராடியதை நான் கண்டதில்லை. நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, களத்துமேட்டில் தூற்றுதல் எல்லாவற்றிலும் அவர் இருந்தார். நடவுப் பெண்களின் குலவைக்கு நடுவே நண்பகல் மணி கேட்டால், சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு நெற்றியில் சிலுவை வரைந்துகொள்வார். மூவேளைச் செபத்தை நான் கற்றது வரப்பில்தான்.

பட்டா தந்தையார் பெயரில். கூட்டுறவுச் சங்கக் கடனும் அவர் பெயரில். பிசானம் பொய்த்த ஆண்டுகளில் அடகுக்குப் போனது மட்டும் அன்னையின் கம்மல். ஒரு முறை அது மூன்று ஆண்டுகள் மீளவில்லை. காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டே ஞாயிறு திருப்பலிக்கு வந்தார். கேட்டவர்களிடம், "காது தூர்ந்திரக் கூடாதுல்லா?" என்று சிரிப்பார்.

வைகாசி இறுதியில் அவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கம் முடிந்ததும் பங்கின் இறந்தோர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பெயர், வயது, இன்னாரின் மனைவி, பெற்ற அருட்சாதனங்கள்: ஒரே வரியில் முடிந்துவிட்டது. அரசுச் சான்றிதழுக்கு விவரம் கேட்டபோது, "தொழில்?" என்ற வினாவுக்கு உறவினர் ஒருவர், "அம்மா வீட்டுலதானே இருந்தாங்க" என்றார். தீய எண்ணத்தில் சொன்னவரல்லர். அவர் உண்ட சோறும் அன்னை நட்ட நெல்தான்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், சமுதாயமும் சில வேளை சொந்தக் குடும்பமும் உணராத பெண்களின் அன்றாடப் பாட்டைத் தனியே நினைவுகூர்கிறார். அவரது தாய்நாடாகிய போலந்தில், மார்கோவா என்னும் சிற்றூரில் விக்டோரியா உல்மா என்ற உழவர் குடும்பத்துத் தாய் இருந்தார். கணவர் யோசேப்போடும் ஆறு பிள்ளைகளோடும் வாழ்ந்த அவ்வீட்டில் எட்டு யூதர்களுக்கு அடைக்கலம் தந்தார்கள். போர்க்காலத்தில் 16 பேருக்கு உலை வைத்தவர் அவர். 1944 மார்ச் 24 அன்று நாசிகள் அனைவரையும் கொன்றனர். அப்போது அவர் நிறைசூலி. 2023 செப்டம்பர் 10 அன்று கணவர், மனைவி, பிள்ளைகள் அனைவரும், தாயின் வயிற்றிலிருந்து வந்த அந்தச் சிசு உட்பட, ஒரே நாளில் அருளாளர்களாக அறிவிக்கப்பெற்றனர். இம்முறை மனைவி 75 ஆண்டுகள் காத்திருக்கவில்லை. மறைசாட்சிகளாக மாண்டதால் வந்த மாண்பு அது. ஆனால் என் மனம் தங்குவது அந்த உலையின்மேல்.

அன்னை மறைந்த பத்தாம் நாள் நாற்றங்காலுக்கு விதைக்க வேண்டியிருந்தது. கடைவிதை வந்த பின்னும் வீட்டு விதையை அவர் கைவிடவில்லை. தம்பி குலுக்கையைத் திறந்தான். உள்ளே வேப்பிலை போட்டுக் கட்டிய ஐந்தாறு மூட்டைகள். எது காருக்கு, எது பிசானத்திற்கு, எதை எத்தனை நாள் முன்னே உலர்த்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. தந்தையாரைக் கூப்பிட்டான். அவர் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்து, ஒரு பிடி நெல்லைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"அவளுக்குத்தான் தெரியும்" என்றார்.