உனக்கு நீயே எத்தனை மார்க் போடுவே?

மார்ச் மாதக் கடைசி. சோழிங்கநல்லூர் ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் அந்தப் பெண், இரவு பத்து மணிக்கு லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அப்ரைசல் படிவம். 'இந்த ஆண்டு நீங்கள் செய்த முக்கியப் பணிகள்' என்ற இடத்தில், 'கொடுத்த வேலைகளைக் குறித்த நேரத்தில் முடித்தேன்' என்று ஒரே வரி. ஐந்துக்கு மூன்று மார்க்.

"அவ்வளவுதானாம்மா?" என்றார் அப்பா. மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"நம்மளை நாமே புகழ்ந்துக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தீபாவளிக்கு முந்தின நாள் சர்வர் படுத்துடுச்சுன்னு விடிய விடிய உட்கார்ந்தியே... அது புகழ்ச்சியா, நடந்ததா?"

அவளிடம் பதில் இல்லை.

அப்பா காலத்தில் 'சி.ஆர்.' உண்டு. மேலதிகாரி எழுதும் ரகசிய அறிக்கை. பாதகமாக எழுதினால்தான் ஊழியருக்குச் சொல்வார்கள். 'நன்று' என்றால் சொல்ல மாட்டார்கள். ஆனால், பதவி உயர்வுக்கு 'மிக நன்று' தேவைப்பட்டால், அந்த 'நன்று'தான் ஆளைக் கவிழ்க்கும். எல்லைச் சாலைப் பணியில் இருந்த பொறியாளர் தேவ் தத்துக்கு அப்படித்தான் ஆனது. அவர் தொடுத்த வழக்கில், எந்த மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"என்னைப் பத்தி என்ன எழுதினாங்கன்னே தெரியாம பாதி சர்வீஸ் போச்சு. உன்னையே எழுதச் சொல்றாங்க. அதையும் விட்டுடறியே!"

பழைய மெயில்களைத் திறந்தாள். மாதவாரியாக எழுதினாள். தீபாவளி இரவு, புதிதாகச் சேர்ந்த இருவருக்குப் பயிற்சி கொடுத்தது... ஜூலையில் ஒரு வேலை தாமதமானதையும் மறைக்கவில்லை. மூன்றை அழித்து நான்கு போட்டாள்.

"தீபாவளி விஷயம் எனக்கு மறந்தே போச்சு" என்றார் மேனேஜர். பன்னிரண்டு பேரைப் பார்ப்பவருக்குக் கடைசி இரண்டு மாதங்கள்தான் நினைவில் இருந்தன. அவரும் நான்கே போட்டார்.

மேலிடத்திலிருந்து வந்தது மூன்று.

'பெல் கர்வ்' கணக்கு. குழுவில் இத்தனை பேருக்குத்தான் நான்கு என்று வரம்பு. அன்று அவள் மதியம் சாப்பிடவில்லை. அப்பாவுக்கு போன் செய்தாள்.

"காரணத்தை எழுத்துல கேளு" என்றார் அவர்.

கேட்டாள். 'நான் நான்கு பரிந்துரைத்தேன். உங்கள் வேலையில் குறையில்லை' என்று மேனேஜரிடமிருந்து பதில் மெயில் வந்தது. அதைப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் லேப்டாப்பை மூடும் முன் இரண்டு வரி எழுதுகிறாள். முதல் வாரத்து வரி: 'நான் பயிற்சி கொடுத்த பையன், இன்று தனியாகவே ஒரு கோளாறைச் சரிசெய்தான்.'