இருபதுக்குப் பத்து

வடபழனியில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே, சவுக்குச் சட்டத்தில் இழுத்து அடித்த காடாத் துணிமேல் வெள்ளைப் பூச்சு காய்ந்துகொண்டிருந்தது. அகலம் 20 அடி, உயரம் 10. பழைய சினிமா பேனர் மாதிரி கையால் வரைந்த படம் வேண்டுமென்று ஓர் உணவகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

பேனர் வரையும் மாஸ்டரின் கையில் இருந்த ஸ்டில், அதாவது படத்தின் புகைப்படம், 10 அங்குல அகலம், 8 அங்குல உயரம்.

"அங்குலத்துக்கு ரெண்டடின்னு வெச்சா அகலம் சரியா வந்துரும் சார். உயரம்?"

பதினாறு. துணியோ பத்தடிதான். ஆறடிப் படத்தை வெட்டியாக வேண்டும். உயரத்தைப் பிடித்துக்கொண்டால் அங்குலத்துக்கு ஒன்றேகால் அடி. அகலம் பன்னிரண்டரையோடு நின்றுவிடும். பக்கத்தில் ஏழரை அடி வெறும் துணி.

"அந்த ஏழரை அடியிலதான் எங்க வேலையே இருக்கு" என்றார்.

அங்கே கதாநாயகியின் முகம் வேறொரு ஸ்டில்லிலிருந்து வரும். அதற்கு அளவு தனி, கட்டமும் தனி. மீதியில் படத்தின் பெயர். கதாநாயகன் எந்தப் பக்கம் பார்க்கிறானோ அந்தப் பக்கம்தான் காலி இடம் விடவேண்டுமாம். முதுகுக்குப் பின்னால் விட்டால் படம் செத்துவிடும் என்றார்.

இதெல்லாம் முடிவான பிறகுதான் நூல் எடுக்கிறார்கள். ஸ்டில்மேல் அரை அங்குலக் கட்டங்கள். துணியில் அதே கட்டம் ஏழரை அங்குலம். நீலப் பொடி தோய்த்த நூலை இரண்டு பேர் இரு முனையிலும் இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் நடுவில் சுண்டிவிட்டார். ஒரே அடியில் நேர்கோடு. கண், உதடு வரும் கட்டங்களை மட்டும் மறுபடி நான்காகப் பிரித்தார்கள். பிறகு கரித்துண்டு. ஸ்டில்லில் புருவம் கோட்டை எங்கே வெட்டுகிறதோ, துணியிலும் அங்கே ஒரு புள்ளி. முகம் இன்னும் தெரியவில்லை. ஆனாலும் மாஸ்டரின் கை எங்கும் தயங்கவில்லை. பெரிய பேனர்களைத் துண்டு துண்டாக வரைந்து, நிறுத்தும் இடத்தில் சேர்ப்பார்களாம். சேர்மானம் கண்ணில் விழுந்துவிடாதபடி முகத்தையே அரையடி தள்ளி வைப்பதும் உண்டு.

கட்-அவுட்டுக்குக் கணக்கே வேறு. 1957இல் 'வணங்காமுடி'க்காகச் சென்னை சித்ரா தியேட்டரில் வைத்த சிவாஜியின் உயரம் 80 அடி என்பார்கள். சாலையில் நிற்பவன் அண்ணாந்து பார்க்கையில் தலை சிறுத்துத் தெரியும். அதனால் ஏழு தலை உயரத்துக்குப் பதில் ஆறு தலைதான் கணக்கு. நாற்பதடி உருவத்தில் தலை மட்டும் ஏறக்குறைய ஓரடி கூடிவிடும். தரையில் கிடத்தி வரையும்போது ஆள் குட்டையாகத்தான் தெரிவான். அதைப் பார்த்துத் திருத்தப் போகாதவனே மாஸ்டர்.

கூலி சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான். வானத்தின் ஓர் அடிக்கும் கண்ணின் ஓர் அடிக்கும் ஒரே காசு. இந்தக் கலைஞர்களுக்கு நாம் செய்த பெரிய அநியாயம் அது என்று நினைக்கிறேன்.

ஃப்ளெக்ஸ் வந்ததும் கொட்டகைகள் காலியாயின. ஊரெங்கும் தொங்கும் பேனர்களைப் பாருங்கள்: சட்டத்தை நிரப்ப இழுத்துவிட்ட படங்கள், கன்னம் அகன்ற மணமக்கள், நசுங்கிய தலைவர்கள். துணியின் அளவு ஸ்டில்லின் அளவோடு ஒத்துப்போகாதபோது யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனைக்கு நாம் இப்போது கூலி கொடுப்பதில்லை.

மாஸ்டரின் மகன் ஃப்ளெக்ஸ் கடையில்தான் வேலை பார்க்கிறார். ஸ்டில் சைஸுக்குப் பொருந்தாவிட்டால் அப்பாவுக்குப் படத்தை அனுப்பி, எங்கே வெட்டலாம் என்று கேட்டுக்கொள்கிறார்.